பயம் என்று சொல்லிவிட்டால்

அன்புள்ள ஐயா,

மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருக்கிறேன். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிரான போராட்டம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அந்த மக்கள்மேல் எனக்கும் இரக்கம் உண்டு. ஆனால் அது விவரம் தெரியாமல் வந்த பயம்தானே? காற்றாலை சீசனுக்குத்தான் ஓடும், சோலார் பகலுக்குத்தான். அப்படியானால் எந்த மின்சாரம்தான் வேண்டும் என்கிறீர்கள்?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள தம்பி,

காற்றாலை, சோலார் பற்றி உங்கள் துறையிலேயே என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அதை விடுங்கள். 'விவரம் தெரியாமல் வந்த பயம்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் இது.

போராட்டம் நடந்தபோது கூடங்குளத்துக்குப் பக்கத்து மீனவ ஊரான இடிந்தகரைக்குப் போயிருக்கிறேன். லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல். பெண்கள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றியபடியே உண்ணாவிரதம் இருந்தார்கள். இலை வெட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா கையை நிறுத்தாமலே கேட்டார்: "சூட்டுத் தண்ணிய கடல்ல விட்டா மீனு கரைப்பக்கம் நிக்குமா? கழிவ எங்க கொண்டு வைப்பாவ?"

இதில் பயம் எங்கே இருக்கிறது? பொறியாளரான நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் தம்பி இவை. கழிவு எரிபொருளை வளாகத்துக்குள்ளேயே வைப்பது பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டத்தை 2019 ஜூலைக்குத்தான் அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் அதையும் தள்ளிவைத்தார்கள்.

கேள்வி என்றால் பதில் சொல்லியாக வேண்டும். பயம் என்று சொல்லிவிட்டால் ஆறுதல் சொன்னால் போதும். 2011 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை போட்ட தீர்மானமே மக்களின் அச்சம் நீங்கும்வரை பணிகளை நிறுத்தச் சொன்னது. ஆதரவாகத்தான் போட்டார்கள், ஆனால் அதிலும் அச்சம்தான். நவம்பரில் அப்துல் கலாம் வந்து நிலையத்தைப் பார்த்துவிட்டு நூறு சதவீதம் பாதுகாப்பு என்றார்.

நிலையத்தின் பாதுகாப்பு ஆய்வு அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார் போராட்டக் குழு ஒருங்கிணைப்பாளர் சுப. உதயகுமார். கொடுக்கச் சொல்லி 2012 ஏப்ரல் கடைசியில் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டது. அணுமின் கழகம் கொடுக்கவில்லை, டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதே 2012-ல் இந்த மக்களுக்கு ஆலோசனை சொல்ல பெங்களூரு நிம்ஹான்ஸின் மனநல மருத்துவர்களை மத்திய அரசு கேட்டுக்கொண்டது. அறிக்கை கேட்டவர்களுக்கு மனநல மருத்துவர்! படித்த நாம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

நீங்கள் நல்ல பிள்ளை, எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் உங்கள் இரக்கம் அவர்களுக்கு வேண்டாம். எதிரில் உட்கார்ந்து பதில் சொல்கிற ஆள்தான் வேண்டும்.

அப்புறம் மின்வெட்டு. 2012-ல் சென்னைக்கு வெளியே பாதி நாளுக்கு மேல் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். மீனவர்கள் மறிப்பதால்தான் நமக்கு கரண்ட் இல்லை என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. லேத் பட்டறைக்காரரும் கட்டுமரக்காரரும் ஒருவருக்கொருவர் எதிரியானார்கள். முதல் உலை 2007 டிசம்பரிலேயே முடிந்திருக்க வேண்டியது. இடிந்தகரையில் பந்தல் போட்டது 2011-ல். இந்தக் கணக்கை உங்கள் அலுவலகத்தில் யாருமே உங்களுக்குச் சொன்னதில்லையா?