நண்டுக்கும் நிரல்மொழிக்கும் என்ன உறவு?

கேள்வி: ரஸ்ட் மொழியில் நிரல் எழுதுபவர்கள் தங்களை ‘ரஸ்டேஷியன்’ என்று அழைத்துக்கொள்வதும், நண்டுப் படம் போட்ட சட்டை அணிவதும் ஏன்?
– கணினியியல் மாணவி ஒருவர்

பதில்: நண்டு, இறால் முதலிய ஓடுடைய உயிரினங்களுக்கு ஆங்கிலத்தில் ‘க்ரஸ்டேஷியன்’ என்று பெயர். அதன் முதல் எழுத்தை உதிர்த்தால் கிடைப்பதுதான் ‘ரஸ்டேஷியன்’. இந்தச் சிலேடையிலிருந்தே ஃபெரிஸ் என்னும் செந்நிற நண்டுச் சின்னமும் பிறந்தது. இரும்பைக் குறிக்கும் ‘ஃபெரஸ்’ என்ற சொல்லை அப்பெயர் நினைவூட்டுவதால், துரு என்று பொருள்படும் மொழிப்பெயரோடும் அது அழகாகப் பொருந்துகிறது. ஆனால், 2006-இல் இம்மொழியைத் தம் சொந்த முயற்சியாகத் தொடங்கிய கிரேடன் ஹோர், பயிர்களைத் தாக்கும் துருநோய்ப் பூஞ்சைகளை மனத்தில் வைத்தே அப்பெயரைச் சூட்டியதாகக் கூறியிருக்கிறார்.

ஃபெரிஸ் அதிகாரபூர்வச் சின்னம் அன்று. அன்பினால் நிலைபெற்ற சின்னம். அம்மொழியின் பாடநூலில், தொகுப்பியால் (நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவில் மாற்றும் ‘கம்பைலர்’) ஏற்கப்படாத நிரல்துண்டின் ஓரத்தில் கேள்விக்குறியோடு நிற்கும் அந்த நண்டைப் பாருங்கள்; பிழைச்செய்திகளைக் கண்டு அஞ்சும் புதியவருக்கு, தவறு செய்வதும் கற்றலின் பகுதியே என்று அது கனிவாக உணர்த்துவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பைதான்காரர்கள் ‘பைதானிஸ்டா’ என்றும், கோ மொழியினர் தம் சின்னமான கொறிவிலங்கின் பெயரால் ‘கோஃபர்’ என்றும் அழைக்கப்படுகிறார்கள். ‘கோஃபர்’ என்பதற்குள் ‘கோ’ இருப்பதுபோலவே, ‘க்ரஸ்டேஷியன்’ என்னும் உயிரினப் பெயருக்குள்ளும் ‘ரஸ்ட்’ என்ற மொழிப்பெயர் முழுவதும் அப்படியே பொதிந்திருப்பதுதான் ரஸ்டேஷியனின் நயம்.