காது வளர்த்தால் கேட்கும் திறன் குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 24. ஒன்றரை ஆண்டுகளாகக் காதுத் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, இப்போது 12 மில்லிமீட்டர் வளையம் அணிகிறேன். இரண்டு வாரங்களாக வலது காது அடைத்தது போல் இருக்கிறது, பேச்சும் மந்தமாகக் கேட்கிறது. "இவ்வளவு பெரிய ஓட்டை இருந்தால் சத்தம் எப்படி உள்ளே போகும்?" என்கிறார் அம்மா. வளையத்தைக் கழற்றிவிட வேண்டுமா?

பதில்: சத்தம் அந்த ஓட்டை வழியாக ஒழுகிப் போவதில்லை. நீங்கள் பெரிதாக்கியிருப்பது காதுச் சோணையை. தோலும் கொழுப்பும் நாருமான தொங்கு சதை, அதில் குருத்தெலும்பு கிடையாது. ஒலியைத் திரட்டி உள்ளே அனுப்புவதும், அது முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்தா என்று உணர உதவுவதும் அதற்கு மேலே மேடும் பள்ளமுமாக இருக்கும் பகுதி. சந்தேகமிருந்தால், வானொலியை மெல்ல ஒலிக்கவிட்டு, சோணையை மேல்நோக்கி மடித்துப் பாருங்கள். மாற்றம் ஏதும் தெரியாது. அடுத்து, உள்ளங்கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வையுங்கள், சத்தம் கூடும்.

ஆகவே காரணத்தை உள்ளே தேட வேண்டும். பெரும்பாலும் அது குறும்பியாகத்தான் இருக்கும். சுத்தம் செய்வதாக நினைத்துப் பஞ்சுக் குச்சியால் அதை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு வருபவர்களைத் தினமும் பார்க்கிறேன். சளி பிடித்த பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோப்பதும் உண்டு.

வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் பெரிதாகக் கேட்டால் அது வெறும் தடையாக இருக்கலாம். நல்ல காதுப் பக்கமே ஒதுங்கினால் உள்காதிலோ நரம்பிலோ கோளாறு இருக்கக்கூடும். இது வீட்டுச் சோதனைதான், முடிவு அல்ல. திடீரென்று வரும் நரம்புச் செவிடுக்கு ஸ்டீராய்டு மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம். நீங்கள் ஏற்கெனவே இரண்டு வாரங்களைக் கடத்திவிட்டீர்கள். முனகலில் எது தெரிந்தாலும் இன்றோ நாளையோ காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போங்கள். அதுவரை எண்ணெயோ சொட்டு மருந்தோ விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் வம்பாகிவிடும்.

வளையம் பற்றி: 12 மில்லிமீட்டர் ஆன துளை தானாகச் சுருங்கி மூடும் என்று எதிர்பார்க்க முடியாது. பின்னாளில் வேண்டாமென்று தோன்றினால், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து தைத்துவிடலாம். அவசரப்பட்டு அளவைக் கூட்டாதீர்கள். துளையின் பின்பக்கம் சதை உதடு போலப் பிதுங்கினாலோ ரத்தம் கசிந்தாலோ சிறிய வளையத்துக்குத் திரும்புங்கள். எனக்கு உண்மையில் கவலை தருவது இதைச் செய்பவர்கள் அடுத்து காதின் மேல்பகுதியிலும் துளையிடுவதுதான். அங்கே சீழ் பிடித்தால் குருத்தெலும்பு கரைந்து காதே சுருங்கிப்போகும்.

கேட்டல் பரிசோதனையில் ஹெட்போன் சரியாகப் பொருந்துவதற்காக வளையத்தைக் கழற்றச் சொல்வார்கள். இப்போதைக்கு அதற்கு மட்டும் கழற்றினால் போதும்.