பிரித்து விடுவதற்கென்றே தைக்க வேண்டும்

நாலு பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்பி மாமனார் தோட்டத்தைப் பார்க்கப் போவதாகவும், பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்க யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெரிய குடும்பத்தில் அப்படி இருப்பவர்களுக்கு ஒரு நாள் எப்படிப் போகிறது, எல்லோருக்கும் துணி வீட்டிலேயே தைத்துக்கொள்ள முடியுமா என்பது உங்கள் கேள்வி.

எங்கள் வீடு கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். மூன்று அண்ணன் தம்பி குடும்பம் ஒரே வீட்டில், பிள்ளைகள் மொத்தம் எட்டுப் பேர், மூத்தவனுக்கு 16, கடைசிக்கு 4. நான் நடு மருமகள். தையல் மெஷின் என் பொறுப்பு, பாடம் பெரும்பாலும் மூத்தவர் பொறுப்பு (அக்கா பி.எட். முடித்தவர், அது எங்களுக்குப் பெரிய பலம்). இளையவளுக்கு அடுப்படியும் மாட்டுக் கட்டுத்தரையும். இப்படிப் பிரித்துக்கொண்டாலும் அறுவடை நேரத்தில் எல்லாம் கலந்துவிடும், அது வேறு விஷயம்.

துணி தைப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் துணியில் பெரும்பகுதியை வீட்டிலேயே தைக்கலாம், ஆனால் கடையில் தைப்பது போல அளவுக்குக் கச்சிதமாகத் தைக்கக் கூடாது. பிரிப்பதற்கென்றே தைக்க வேண்டும். பெரிய குடும்பத்தில் ஒரு துணி ஒரு பிள்ளையோடு முடிவதில்லை, அது அடுத்ததற்குப் போகும், அப்புறம் அதற்கும் அடுத்ததற்குப் போகும், ஆகவே வெட்டும்போதே நாளைக்கு இதை எங்கே பிரிக்கலாம், எவ்வளவு இறக்கலாம் என்று யோசித்து வெட்டினால்தான் கட்டுப்படியாகும். இதை எனக்குச் சொல்லித் தந்தது என் அத்தை, அதாவது மாமியார். அவர் காலத்துப் பாவாடைகளைப் பார்த்தால் அடியில் மூன்று வரி டக், அதாவது மடித்துத் தைத்த மடிப்பு, இருக்கும். அழகுக்காக வைத்தது என்றுதான் நினைத்தேன். ஒரு அங்குல டக் ஒன்று இரண்டு அங்குலத் துணியை உள்ளே வைத்துக்கொள்ளும், ஆறேழு வயதுப் பிள்ளை வருடத்துக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் வளரும், ஆக வருடத்துக்கு ஒரு டக் பிரித்தால் மூன்று வருடம் ஒரே பாவாடை. எத்தனை தெளிவான கணக்கு பாருங்கள்.

அந்த டக்கை மட்டும் பெரிய தையலாகப் போடுங்கள். மெஷினில் தையல் நீளம் வைக்கும் இடத்தைக் கூட்டி வைத்தால் போதும். சின்னத் தையலாகப் போட்டுவிட்டு அப்புறம் பிளேடால் நோண்டினால் துணி கிழியும். பிரித்த பிறகு மடிப்பு இருந்த இடம் கோடாகத் தெரியும், உள்ளே இருந்த துணி நிறம் மங்காமல் அடர்த்தியாக இருக்கும், வெளியே இருந்தது வெளுத்திருக்கும். அந்தக் கோட்டின் மேல் ஒரு ரிப்பனோ லேஸோ வைத்துத் தைத்துவிட்டால் புதுத் துணி போல ஆகிவிடும். சட்டைக்குப் பக்கத் தையலில் ஒன்றரை அங்குலம் விடுங்கள், கைக்குழி சேரும் இடத்திலும் தாராளமாக விடுங்கள். கழுத்தை மட்டும் இறக்கமாக வெட்டாதீர்கள். மற்றதெல்லாம் கூட்டலாம் குறைக்கலாம், ஒருமுறை இறக்கி வெட்டிய கழுத்தை மேலே ஏற்ற வழியே கிடையாது.

இனி நாள் எப்படிப் போகும் என்பதற்கு வருகிறேன். காலை நாலரைக்குப் பால் கறவை, சொசைட்டிக்குப் பால் போக வேண்டும் என்பதால் அதில் தாமதமே கூடாது. பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் முறை வைத்து எழுந்து வருவார்கள், சாணி அள்ளுவது, தீவனம் வைப்பது அவர்கள் வேலை. சின்னதுகள் தூங்கட்டும் என்று விட்டுவிடுவோம். எட்டரைக்குள் சாப்பாடு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை படிப்பு. இந்த மூன்று மணி நேரத்தில் யாரும் பிள்ளைகளை வேலைக்குக் கூப்பிடக் கூடாது, மோட்டார் ஓடினாலும் சரி, விருந்தாளி வந்தாலும் சரி, இது மாமா, அதாவது மாமனார், போட்ட சட்டம். நீங்களும் முதல் நாளிலேயே இதைப் போட்டுவிடுங்கள். விவசாய வீட்டில் வேலை ஒருநாளும் தீராது, ‘வீட்டில்தானே இருக்கிறான், கொஞ்சம் மடை மாற்றிவிட்டு வரச் சொல்’ என்று ஆரம்பித்தால் படிப்பு காணாமல் போய்விடும். பிள்ளைகளுக்கு அது அநியாயம், உறுதியாகச் சொல்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் தாழும் வரை வெளியே வேலை இல்லை. அதுதான் எங்கள் தையல் நேரம். திண்ணையை ஒட்டிய அறையில் கால் மெஷின் இரண்டு, நடுவில் வெட்டுவதற்குப் பழைய கட்டில் பலகை. கால் மெஷின்தான் வசதி, கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. நாலு மணிக்கு மறுபடி கட்டுத்தரை, அப்புறம் விளையாட்டு, இரவு யாராவது ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்பது. நாளில் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

தையல் அறையில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வயது வித்தியாசம் பார்க்காமல் எட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து உண்மையான வேலை செய்யும் இடம் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான். ஆறு வயதில் ஊசி கொடுப்போம், வெளுக்காத காடாத் துணியில் ஓட்டுத் தையல், அப்புறம் பட்டன், கொக்கி, ஹெம்மிங். கால் பெடலுக்கு எட்டும் வயது வந்ததும் மெஷின். நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை வைத்துக் கோட்டின் மேலேயே ஓட்டப் பழக்க வேண்டும், ஊசி போன தடம் ஓட்டை ஓட்டையாகத் தெரியும், கோடு விலகியதை யாரும் சொல்லத் தேவையில்லை. சக்கரம் பின்னால் சுற்றாமல் மிதிக்கப் பழகுவதற்கே கொஞ்ச நாள் ஆகும். பையன்களும் தைக்கிறார்கள். எங்கள் வீட்டில் காஜா (பட்டன் ஓட்டை) எடுப்பதில் கெட்டிக்காரன் இளையவளின் 11 வயது மகன், அவன் எடுக்கும் காஜா பிசிறே இல்லாமல் இருக்கும்.

போன ஐப்பசி மழையில் அக்காவின் மகள், 13 வயது, தன் தங்கைக்கு அம்பர்லா கட்டிங்கில் ஒரு பாவாடை வெட்டினாள். இடுப்பு 22 அங்குலம். வட்டத்தின் சுற்றளவு 22 என்றால் ஆரம் எவ்வளவு? 22/7 வைத்துக் கணக்குப் போட்டால் சரியாக மூன்றரை வரும், மீதியே இல்லை. அவளுக்கு ஒரே சந்தோஷம். துணியை நாலாக மடித்து, மூலையிலிருந்து இஞ்சு டேப்பைச் சுழற்றி மூன்றரையில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டாள். கத்தரி வைப்பதற்கு முன்னால், ‘தையலுக்கு எவ்வளவு உள்ளே போகும்?’ என்று மட்டும் கேட்டேன். அரை அங்குலம் என்றாள். ‘அப்போ தைத்த பிறகு வட்டம் எங்கே இருக்கும்?’ கொஞ்ச நேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வட்டத்துக்கு வெளிப்பக்கம்தான் தையல் விழும், ஆரம் நாலாகிவிடும், சுற்றளவு 25 அங்குலம் தாண்டிவிடும். ‘சித்தி, அரை அங்குலத்துக்கு மூணு அங்குலம் லூசாயிருமா?’ என்று அவள் கேட்டபோது பக்கத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த பையனும் எழுந்து வந்துவிட்டான். கோட்டை அழித்து மூன்றில் போட்டார்கள். ஆரத்தில் அரை கூடினால் சுற்றளவில் ஏன் மூன்று கூடுகிறது என்பதை அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போதும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மஞ்சள் விஷயமும் அப்படித்தான். தை, மாசியில் மஞ்சள் வெட்டி வேகவைத்துக் காயப்போடும் நாட்களில் வீட்டில் ஒரு துணியும் தப்பாது. சோப்புப் போட்டதும் கறை சிவப்பாக மாறும், அலசினால் மறுபடி மஞ்சள், எலுமிச்சை பிழிந்தாலும் மஞ்சள். சோப்பு காரம், எலுமிச்சை அமிலம் என்ற பாடத்தை அக்கா துணி துவைக்கும் கல்லில் வைத்தே நடத்திவிட்டார். கறை போக வேண்டுமானால் ஈரத்தோடு நல்ல வெயிலில் போட வேண்டும், மஞ்சள் நிறம் வெயிலுக்கு நிற்காது.

தோட்டத்துக்கென்று தைப்பவை தனி. கரும்புக்குச் சோகை, அதாவது காய்ந்த தோகை, உரிக்கப் போனால் கை முழுக்க அறுத்துவிடும், ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டைகளைக் கழுத்துப்பட்டை மாற்றி, கைமுனையில் எலாஸ்டிக் வைத்துத் தைத்து வைத்திருக்கிறோம், சேலைக்கு மேல் போட்டுக்கொள்ள வசதி. வெண்டைக்காய் பறித்தால் சுணை அரிக்கும், அதற்குப் பனியன் துணியில் கையுறை. திருப்பூர் கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கும், ஒரு மூட்டை வாங்கினால் கையுறை, கால்மிதி, கைப்பிடித் துணி என்று வருடம் ஓடிவிடும். ஒன்று, சாதாரண ஊசியில் பனியன் துணி தைத்தால் தையல் விட்டு விட்டு விழும், முனை மழுங்கலான ஊசி தனியாகக் கேட்டு வாங்குங்கள். பறிக்கும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் மடிப் பை தைப்பதும் வீட்டில்தான். பழைய நூல் சேலை நைந்து போனால் அத்தை நாலு மடிப்பாக அடுக்கி, ஓரத்திலிருந்து நடுவரை கையாலேயே ஓட்டுத் தையல் போட்டுப் போர்வை ஆக்குவார். மார்கழிக் குளிருக்கு அதைப்போல ஒன்று கடையில் கிடைக்காது.

துணி எடுப்பது ஈரோடு ஜவுளிச் சந்தையில். திங்கள் இரவு ஆரம்பித்து செவ்வாய் வரை நடக்கும், முழுத் தானாக (துணிச் சுருளாக) எடுத்தால் விலை குறையும். தீபாவளிக்கு ஒரே தானில் எட்டுப் பேருக்கும் எடுப்பதுதான் வழக்கமாக இருந்தது. வரிசையாக நின்றால் பார்க்க அழகு, ஆனால் கடைசிப் பிள்ளையின் நிலையை யோசித்துப் பாருங்கள். இந்த வருடம் பச்சைப் பூப்போட்டது, அடுத்த வருடம் அக்காவின் பச்சைப் பூப்போட்டது, அதற்கடுத்த வருடம் பெரியக்காவுடையது. அவள் ஒருநாள் அழுதேவிட்டாள். இப்போது மூன்று விதமாக எடுக்கிறோம், வயதில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேறு வேறு துணி. எந்தத் துணியானாலும் ஒருநாள் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்த பிறகே வெட்டுவோம், காடா என்றால் கட்டாயம், நன்றாகச் சுருங்கும்.

எதைத் தைக்க மாட்டோம் என்றும் சொல்ல வேண்டும். ஜட்டி, பனியன் தைப்பது வீண் வேலை. ஆண்களின் பேண்ட்டும் கல்யாணத்துக்குப் போடும் ரவிக்கையும் டெய்லரிடம்தான். மஞ்சள் வெட்டும் மாதங்களில் மெஷினைத் துணி போட்டு மூடிவிடுவோம், கிழிசல் மட்டும் கையால்.

படிப்பின் சட்டப் பக்கம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதை யோசிக்காமல் இறங்கக் கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக்கல்வி என்று தனியாக எதையும் சொல்லவில்லை. 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அதன் 10-வது பிரிவு சொல்கிறது, தவறினால் பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் எழுதவில்லை. எங்கள் வீட்டில் தேர்வுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும், பாடம் ஐந்து, தமிழிலேயே எழுதலாம், பதிவு ஐந்து வருடம் செல்லும் என்பதால் பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதலாம். வருடத்தில் ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று இரண்டு தேர்வு. எங்களுக்கு அக்டோபர்தான் தோது. மூத்தவன் போன வருடம் முடித்துவிட்டான். அங்கே வெட்டும் தையலும் தொழிற்கல்வியாகவே இருக்கிறது, அக்காவின் மகள் அதையும் சேர்த்துப் படிக்க ஆசைப்படுகிறாள். நாங்கள் படிப்பை வீட்டுக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம் பள்ளி வேன்தான். காலை ஏழேகாலுக்கு ஏறினால் இருட்டும்போது இறங்குவார்கள், பிள்ளைகள் தோட்டத்தைப் பகலில் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமை என்று ஆகிவிட்டது. உங்கள் ஊரில் நடந்து போகும் தூரத்தில் நல்ல அரசுப் பள்ளி இருந்தால் அங்கேயே போடுங்கள் என்றுதான் சொல்வேன், தையலும் தோட்டமும் சாயங்காலத்தில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் ஒருவராவது தினமும் மூன்று மணி நேரம் முழுதாக உட்கார முடியும் என்றால் மட்டுமே இதில் இறங்குங்கள்.

மெஷின் புதிதாக வாங்க வேண்டாம். பழைய கால் மெஷின் ஊருக்கு ஊர் விலைக்கு வரும். வாங்கும்போது பாபின் கேஸ் ஆடாமல் உட்காருகிறதா, சக்கரம் கையால் சுற்றினால் தடங்காமல் போகிறதா என்று பாருங்கள், தோல் பெல்ட் தளர்ந்திருந்தால் கவலையில்லை, ஒரு துண்டு வெட்டிக் கம்பி மாட்டிவிடலாம். பல் தகட்டைக் கழற்றிப் பஞ்சைத் துடைத்து வாரம் ஒருமுறை எண்ணெய் விட்டால் இன்னொரு தலைமுறைக்கு ஓடும். முதலில் தலையணை உறை, அடுத்து உள்பாவாடை, அதற்கடுத்து டக் வைத்த பாவாடை. சட்டைக்கு அவசரப்பட வேண்டாம். பிள்ளைகளின் வயதும் எத்தனை பெண், எத்தனை பையன் என்பதையும் எழுதினால் முதல் தடவை சந்தைக்குப் போகும்போது எவ்வளவு துணி எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.