மைக்கில் பேர் சொன்னால் கால் கல்லாகிறதா? விளையாட்டு மனப் பயிற்சி: கேள்வி-பதில்

பொங்கல் போட்டிகள் நெருங்குவதாலோ என்னவோ, இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பயத்தைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பிராக்டீஸில் எங்கள் கபடி டீமில் நான்தான் நல்ல ரெய்டர். ஒரத்தநாடு பக்கம் ராத்திரி மேட்ச் என்றால், மைக்கில் என் பேரைச் சொன்னதுமே கால் கல்லாகிவிடுகிறது. எங்கள் ஊர் அபினேஷ் 2025-இல் பஹ்ரைன் போய் ஆசிய இளையோர் போட்டியில் தங்கத்தோடு வந்தார். எனக்கு மட்டும் ஏன் இப்படி? (வடுவூர், வயது 19)

உங்களுக்கு மட்டும் இல்லை தம்பி. ஆட்டத்துக்கு முன் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு அடிக்கும், உள்ளங்கை வியர்க்கும். தொடையைப் பிடித்த கையை உதறிக்கொண்டு நடுக்கோட்டை எட்டித் தொடும் வேகமும் அதே அட்ரினலின் தருவதுதான். அளவு மீறும்போதுதான் தொந்தரவு. பார்வை குறுகிவிடும், எதிரே நிற்பவரை முறைத்துக்கொண்டே இருப்பீர்கள், ஓரத்தில் நின்று கணுக்காலுக்குப் பாயும் கார்னர்காரர் கண்ணில் படவே மாட்டார். ஆகவே பதற்றத்தை அடியோடு விரட்டப் பார்க்காதீர்கள், கொஞ்சம் இறக்கினால் போதும்.

ரெய்டுக்கு, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போய்த் திரும்ப, 30 வினாடி. 'கபடி கபடி' பாட்டைத் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் சில வினாடிகள்தான் உங்கள் கையில் இருப்பவை. இழுத்த மூச்சைவிட விடும் மூச்சு நீளமாக இருக்கும்படி இரண்டு முறை மூச்சு விடுங்கள். நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணியும். அடுத்து இடது கார்னர்காரரின் பாதத்தைப் பாருங்கள், முகத்தை வேண்டாம். பிறகு மனதுக்குள் ஒரே ஒரு சொல்: 'போனஸ்', 'கை', எது வேலையோ அது. உடனே பாட்டு. இந்த வரிசை மாறக் கூடாது. பிராக்டீஸிலும் ஒவ்வொரு ரெய்டுக்கும் செய்ய வேண்டும்; மேட்ச் அன்றைக்கு மட்டும் செய்தால் வராது.

இரண்டாவது வேலை, பிராக்டீஸைக் கெடுப்பது. ஏதாவது ஒரு டோர்னமெண்ட் வர்ணனையை போனில் பதிவு செய்து ஸ்பீக்கரில் அலறவிடுங்கள். சின்னப் பையன்களைக் கோட்டோரம் நிறுத்தி உங்கள் பேரைச் சொல்லிக் கிண்டலடிக்கச் சொல்லுங்கள் (அதற்குக் கூலி கேட்கமாட்டார்கள்). ஒரு புள்ளி பின்னால், கடைசி ரெய்டு என்று வைத்துக்கொண்டு ஆடுங்கள். அமைதியான மைதானத்தில் மட்டும் பழகியவருக்கு மைக்செட் வைத்த மைதானம் வேறொரு விளையாட்டு.

மகள் 100 மீட்டர் ஓடுகிறாள், வயது 13. தஞ்சை அன்னை சத்யா ஸ்டேடியத்திலிருந்து திரும்பும்போது அவள் செய்த தப்புகளை வண்டியிலேயே விளக்குவேன். இப்போதெல்லாம் போட்டி அன்று காலையில் வயிற்றுவலி என்கிறாள். மருத்துவர் ஒன்றுமில்லை என்றுவிட்டார். (கும்பகோணம்)

தஞ்சையிலிருந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர். பின் சீட்டில் உட்கார்ந்த பிள்ளை எங்கே இறங்கி ஓடும்? அந்த வயிற்றுவலி நடிப்பில்லை, பதற்றம் வயிற்றில் நிஜமாகவே வலிக்கும். அவள் பயப்படுவது ஓட்டத்துக்கா, திரும்பும் வழிக்கா என்று யோசித்துப் பாருங்கள்.

வண்டியில் ஓட்டத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். வழியில் நிறுத்தி ஏதாவது வாங்கிக் கொடுங்கள். அவளாக ஆரம்பித்தால் கேளுங்கள். ஸ்டார்ட்டில் என்ன பிழை என்பதைக் கோச் சொல்லட்டும், அதுவும் மறுநாள். அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு பற்றி உறவினர்கள் வீட்டில் பேசுவதையும் 13 வயதுப் பிள்ளை காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சுமை உங்களுடையது.

நீளம் தாண்டுதலில் முதல் இரண்டும் ஃபவுல். மூன்றாவது பயந்து பயந்து தாண்டி வெளியே வந்துவிடுகிறேன். (பட்டுக்கோட்டை)

இது பாதிதான் மனசு, மீதி அளவு நாடா. பரபரப்பில் ஓட்டம் வேகமாகி காலடி நீள்கிறது, கால் பலகையைத் தாண்டிவிடுகிறது. போட்டி நாளில் முதல் தாண்டலுக்கு ஓட்டக் குறியை ஒரு பாதம் பின்னால் வையுங்கள். ஆடிக் காற்று முதுகில் தள்ளினால் இன்னும் கொஞ்சம். முதல் மூன்றில் நல்ல தூரம் வைத்த எட்டு பேருக்குத்தான் அடுத்த மூன்று வாய்ப்பு. அதனால் முதல் தாண்டலில் தேவை வெள்ளைக் கொடி (ஃபவுல் இல்லை என்பதற்கு நடுவர் காட்டுவது), சாதனை அல்ல.

ஃபவுலாகி சிவப்புக் கொடி வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் முன்பே எழுதி வையுங்கள். 'கோச்சிடம் கால் எத்தனை விரற்கடை தாண்டியது என்று மட்டும் கேட்பேன், குறியை நகர்த்துவேன், லேஸை அவிழ்த்துக் கட்டுவேன்.' கைக்கு வேலை இருந்தால் புலம்ப நேரம் இருக்காது.

செஸ் போட்டியில் ஒரு ரவுண்டு தோற்றால் மீதி எல்லாமே போய்விடுகிறது. (நாகப்பட்டினம், பிளஸ் ஒன்)

2024-இல் சிங்கப்பூரில் டிங் லிரனோடு குகேஷ் ஆடிய உலக சாம்பியன்ஷிப்பை எடுத்துப் பாருங்கள். முதல் ஆட்டத்திலேயே தோல்வி. மூன்றாவதில் வென்று சமன் செய்தார். 11-ஆவதில் வென்று முன்னேறி, 12-ஆவதில் மறுபடி தோற்றார். 14-ஆவதில் வென்று 7½–6½ என்று முடித்தார். அவருக்கு மனப் பயிற்சி கொடுத்த பேடி அப்டன், 2011-இல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடும் இருந்தவர்.

'மறந்துவிடு' என்பார்கள். முடியாது, முயலவும் வேண்டாம். கால் மணி நேரம் வருத்தப்படுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். எங்கே தப்பினோம் என்று நோட்டில் ஒரு வரி. அப்புறம் சாப்பாடு. போட்டி முடியும்வரை அந்த ஆட்டத்தை கணினியின் செஸ் எஞ்சினில் போட்டுப் பார்ப்பதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் பள்ளி மைதானம் குளமாகிவிடுகிறது. மனக்காட்சிப் பயிற்சி (ஆட்டத்தை மனதுக்குள் ஆடிப் பார்ப்பது) கொடுக்கலாமா? (உடற்கல்வி ஆசிரியர், திருத்துறைப்பூண்டி)

தாராளமாக. கண்ணை மூடிப் படுக்க வைக்காதீர்கள், தூங்கிவிடுவார்கள். ஷூ போட்டு, ஆட்டத்தில் நிற்கும் அதே நிலையில் நிற்கட்டும். டிவியில் பார்ப்பதுபோல் வேண்டாம், தன் கண் வழியாகவே காணட்டும், நிஜ வேகத்தில். ஐந்து நிமிடம் போதும். உடற்பயிற்சிக்கு இது மாற்றில்லை. வராண்டாவில் ஸ்குவாட் நடக்கட்டும்.

இரண்டு நாள் 'மனவலிமை' முகாம், நெருப்பில் நடக்க வைப்பார்களாம். கட்டணம் அதிகம். போகலாமா? (மயிலாடுதுறை)

தீமிதிக்க நம்மூர் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன, கட்டணமும் இல்லை. வாரக் கணக்கில் உங்கள் பிராக்டீஸைப் பார்க்காதவர் உங்கள் ஆட்டத்துக்கு எதையும் செய்துவிட முடியாது.

முழங்கால் தசைநார் கிழிந்து ஆறு மாதம் ஆகிறது. வாலிபால் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை. தூக்கம் இல்லை, யாரிடமும் பேசத் தோன்றவில்லை. மனதை எப்படித் திடப்படுத்துவது? (திருவையாறு)

திடப்படுத்தும் வேலை இப்போது வேண்டாம். நீங்கள் சொல்வது மனச்சோர்வாக இருக்கலாம். அது என்னைப் போன்ற பயிற்சியாளரின் வேலை இல்லை, மருத்துவரின் வேலை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, இந்த வாரமே போய்வாருங்கள். அதுவரை காத்திருக்க முடியாது என்று தோன்றினால் 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் ஒருவரிடமாவது இன்றைக்கே சொல்லிவிடுங்கள். முழங்காலுக்குப் பார்க்கும் பிசியோவிடமும் தூக்கம் வரவில்லை என்று சொல்லுங்கள். தூங்காத உடம்பு மெதுவாகத்தான் ஆறும்.