நாய்க்கு வீட்டிலேயே நகம் வெட்டலாமா? எங்கள் நாய்க்குக் கறுப்பு நகம், பயமாக இருக்கிறது

தாராளமாக வெட்டலாம். நான் நாலு வருஷமாக வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் முதல் தடவை ரத்தக்களறி ஆனது.

எங்கள் சொக்கன் நாட்டு நாய், மூன்றாவது மாடி ஃபிளாட்டில் டைல்ஸ் தரையில் வளர்ந்தவன். தெருவில் திரியும் நாய்களுக்குத் தார் ரோடே நகத்தைத் தேய்த்துவிடும், இவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் ஹால் முழுக்க 'டிக் டிக்' சத்தம். சும்மா நிற்கும்போதே நகம் தரையில் முட்டினால் வெட்ட வேண்டிய நாள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்த முட்டாள்தனம், நாம் வெட்டிக்கொள்ளும் நெயில் கட்டரையே எடுத்தது. நாய் நகம் உருண்டை. தட்டை நகத்துக்கான கட்டர் அதை வெட்டாமல் நசுக்கும். ஒரே அழுத்து, வீலென்று கத்தினான். டைல்ஸ் எல்லாம் ரத்தப் பொட்டு. அம்மா அடுப்படியிலிருந்து மஞ்சள் டப்பாவோடு ஓடி வந்து, "வாயில்லா ஜீவன்டா அது, பாவி" என்று என்னைத்தான் திட்டினார். மஞ்சளை அப்பியும் நிற்கவில்லை. அப்பா ஷேவிங்குக்குப் பிறகு தடவும் படிகாரக் கட்டியை நனைத்து, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்த பிறகுதான் நின்றது. அது எரியும். இப்போது பக்கத்தில் ஒரு கிண்ணம் கார்ன்ஃப்ளார் மாவு வைத்துக்கொள்கிறேன், நகத்தை அதில் அமுக்கிப் பிடித்தால் போதும். இருபது நிமிஷம் ஆகியும் ரத்தம் நிற்காவிட்டால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

இனி உங்கள் கறுப்பு நகம். நகத்துக்குள் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாக வெளியே தெரியும், கறுப்பில் தெரியாது. அதனால் வெளிப்பக்கத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், வெட்டிய இடத்தைப் பாருங்கள். பெட் ஷாப்பில் கிடைக்கும் நாய் நகவெட்டியால் நுனியிலிருந்து மெல்லிசாகச் சீவுங்கள். முதலில் சுண்ணாம்பு உதிர்கிற மாதிரி வெளிறி, காய்ந்து இருக்கும். இன்னும் ஒன்றிரண்டு சீவலில் நடுவில் கடுகளவு புள்ளி ஒன்று, சுற்றிலும் இருப்பதைவிடக் கறுத்து, லேசான ஈரத்தோடு தெரியும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். 'இன்னும் கொஞ்சம்' என்று ஆசைப்பட்டால் அடுத்த சீவலில் ரத்தம்தான்.

காலை முன்னால் இழுத்துப் பிடித்தால் எந்த நாயும் உதறும். குதிரைக்கு லாடம் அடிப்பவர் குளம்பைத் திருப்பிப் பிடிப்பாரே, அப்படிப் பாதத்தைப் பின்பக்கமாக மடக்கினால் உள்ளங்கால் மேலே வரும். உங்களுக்கும் நகம் நன்றாகத் தெரியும், அவன் கண்ணில் கட்டரும் படாது. குளிப்பாட்டிய பிறகு என்றால் நகம் ஊறி இளகியிருக்கும்.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் கட்டரைப் பார்த்தாலே சொக்கன் கட்டிலுக்கடியில் போய்விடுவான். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் கட்டரைச் சும்மா கிடக்கவிட்டேன். பிறகு பாதத்தைத் தொட்டுப் பழக்கினேன். பிறகு ஒரு நாளைக்கு ஒரே ஒரு நகம், உடனே வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று. சமாதானம் ஆக ஒரு மாசம் பிடித்தது. இப்போதும் மொத்த நகத்தையும் ஒரே மூச்சில் வெட்டுவதில்லை. ரொம்ப நாள் விட்டு நீண்டுபோன நகத்தில் உள்ளே ரத்தக் குழாயும் நீண்டிருக்கும். வாரம் ஒருமுறை துளி நுனியை எடுத்துக்கொண்டே வந்தால் அது தானாகப் பின்வாங்கும். கடிக்க வருகிற நாய் என்றால் வீரம் காட்டாதீர்கள், டாக்டரிடமே விட்டுவிடுங்கள்.

முன்னங்காலின் உள்பக்கம், கட்டைவிரல் இடத்தில் ஒரு நகம் உண்டு. பலர் அதைப் பார்ப்பதே இல்லை. தரையில் படாததால் தேயவே தேயாது, வளைந்து வளர்ந்து சதையிலேயே குத்திவிடும். சொக்கனுக்கு அது ரோமத்தில் மறைந்திருக்கும், விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் எப்போதும் அதில்தான் ஆரம்பிப்பேன்.