ஐடி வேலைக்காக ஜாப்பனீஸ் கத்துக்கலாமா, எந்த லெவல் வரைக்கும் போகணும்?

தாராளமா கத்துக்கோங்க, ஆனா என்4 (ஜேஎல்பிடிங்கிற ஜாப்பனீஸ் மொழித் தேர்வுல என்5 தான் அடி, என்1 தான் உச்சி) முடிச்சு ரெஸ்யூமேல போட்டா போதும்னு நெனச்சா வேணாம்.

நான் சென்னைல பிரிட்ஜ் இன்ஜினியர். டோக்கியோ கிளையண்ட் கேக்குறத இங்க டீமுக்கு புரிய வெச்சு, டீமோட டவுட்ட அங்க கேட்டு பதில் வாங்கித் தர்ற வேலை. டிமாண்ட் நிஜம்தாங்க. 2030ல ஐடி ஆளுங்க 7.9 லட்சம் பேர் வரைக்கும் பத்தாம போகலாம்னு ஜப்பான் பொருளாதார அமைச்சகமே கணக்கு போட்டிருக்கு, அதான் இங்க கம்பெனிங்க ஜாப்பனீஸ் தெரிஞ்சவங்கள தேடுறாங்க.

ஆனா தேடுறது என்2. ஏன்னா டிசைன் டாக்குமெண்ட் பூரா எக்செல்ல ஜாப்பனீஸ்ல தான் வரும், மெயிலும் அப்படித்தான், மீட்டிங்ல அவங்களுக்குள்ள வேகமா பேசிக்கிறதையும் புடிக்கணும். டிரான்ஸ்லேஷன் டூல் இருக்கேன்னு கேப்பீங்க, ஜாப்பனீஸ்ல எழுவாய விட்டுட்டே எழுதுவாங்க, ரெக்கார்ட அப்டேட் பண்றது யூசரா சிஸ்டமான்னு டூல் ஏதோ ஒன்ன ஊகிச்சு போட்டுரும், டீமும் அத நம்பி கோட் எழுதிரும், டெஸ்டிங்ல தான் வெடிக்கும். அந்த இடத்துல சந்தேகம் வர்ற ஆளுக்குத்தான் சம்பளம்.

கிராமர் நமக்கு ஈஸி, வினை கடைசில வரும், உருபு பெயருக்குப் பின்னாடி ஒட்டும், தமிழ் ஓட்டத்துலயே யோசிக்கலாம். காஞ்சி, அதாவது சீனாலேந்து வந்த எழுத்துங்க தான் உயிர வாங்கும், அன்றாடப் பயன்பாட்டு லிஸ்ட்லயே 2136 எழுத்து இருக்கு, தினமும் உக்காந்தா தான் ஆகும்.

ஜேஎல்பிடி ஜூலைலயும் டிசம்பர்லயும் நடக்கும். என்2க்கு 180க்கு 90 வேணும், ஒவ்வொரு செக்ஷன்லயும் 60க்கு 19 கண்டிப்பா வரணும். அதுல பேச்சுத் தேர்வே கிடையாது, அதனால சர்டிஃபிகேட் இருந்தும் கிளையண்ட் மீட்டிங்ல வாயே தொறக்காத பசங்கள நெறைய பாக்குறேன். சென்னைல ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மாதிரி ஜாப்பனீஸ் சொல்லித் தர்ற இடத்துல சேந்து மொத நாள்லேந்தே பேசிப் பழகுங்க. கோடிங்க மட்டும் விட்ராதீங்க, டேட்டாபேஸ் தெரியாதவங்களால டேட்டாபேஸ் பத்தி பேசுறத மாத்திச் சொல்ல முடியாது.

எனக்கு கோவம் வர்ற விஷயம் ஒன்னு இருக்கு. மொழி தெரிஞ்ச ஒருத்தர நாலு ப்ராஜெக்ட்டுக்கு பங்கு போட்டுருவாங்க, டோக்கியோல காலைல 9 மணின்னா நமக்கு 5.30, அந்த மீட்டிங்கையும் அவங்களே எடுக்கணும், ராத்திரி இங்க ரிலீஸுக்கும் இருக்கணும். அதனால இன்டர்வியூல அலவன்ஸ் கேக்குறப்பவே எத்தன ப்ராஜெக்ட், எந்த ஷிஃப்ட்னு கேட்டு, பதில மெயில்ல வாங்கிட்டு சேருங்க.