முட்டையிடக் கரையேறும் கடல் ஆமைகளின் கூடுகளைத் தேடி, சென்னையில் வார இறுதி ராத்திரிகளில் பொதுமக்களும் சேர்ந்து நடக்கும் ‘ஆமை நடை’யால் ஆமைகளுக்கு உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை நமக்கு ஒரு பொழுதுபோக்கு மட்டும்தானா?

நேரடிப் பயன் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. நாம் போனாலும் போகாவிட்டாலும், மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் சீசன் முழுக்க ராத்திரியில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே கரையோரமாக நடக்கத்தான் போகிறார்கள். 1988இலிருந்து நடக்கிறார்கள். அதற்கும் முன்னால், 1970களிலேயே, சென்னை பாம்புப் பண்ணைக்காரர்கள் இதைத் தொடங்கிவிட்டார்கள். பொதுமக்கள் கூட வரும் ராத்திரிகளில் அவர்களுக்கு வேலை கூடுதல்தான். செல்போன் டார்ச்சை அணைக்கச் சொல்லியே தொண்டை வறண்டுவிடும்.

ஆனாலும் போகத்தான் வேண்டும் என்பேன். பலமுறை போய்வந்தவன் என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஆமை ஏறி வந்த தடம் தெரிந்ததும் கூட்டம் நின்றுவிடும். தன்னார்வலர் ஒருவர் குச்சியால் மெதுவாகக் குத்திக்கொண்டே வருவார். ஓரிடத்தில் மண் பொலபொலவென்று உள்வாங்கும். அப்புறம் கைதான். தோள் வரை மண்ணுக்குள் போகும் அளவுக்குக் குப்புறப் படுத்துத் தோண்டுவார். வாய் குறுகி அடி அகன்ற குழி. அதற்குள் பிங்பாங் பந்து போல நூறு முட்டைக்கு மேல் இருக்கும். ஓடு கடினமாக இருக்காது, விரல் பட்டால் லேசாகக் குழியும். ஒவ்வொன்றாகப் புரட்டாமல் எடுத்துத் துணிப்பையில் வைத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைப்பார்கள். ஏறக்குறைய 45 நாளில் குஞ்சு வெளியே வரும். அந்த மண்ணின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் தீர்மானிக்கிறது. இதைக் கேட்டதும் பிள்ளைகளின் முகம் மாறும் பாருங்கள், எந்த வகுப்பறையிலும் அது நடக்காது.

சரி, இதனால் என்ன? விளக்கு. பொரித்த குஞ்சு வெளிச்சமான பக்கம் நோக்கி ஓடும். இயற்கையில் அது கடல். நம் ஊரில் ஹைமாஸ்ட் விளக்கு. கண்ணில் படாமல் தப்பிய கூடுகளின் குஞ்சுகள் ரோட்டுப் பக்கம் போய்ச் சாகின்றன. கடற்கரையை ஒட்டிய எங்கள் அடுக்குமாடியில் மொட்டைமாடி ஃபோகஸ் விளக்கை சீசனில் அணைக்கச் சொல்லி எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தோம், நடக்கவில்லை. அசோசியேஷன் செயலாளரின் மகள் ஒருமுறை ஆமை நடைக்குப் போய்வந்தாள். அடுத்த வாரமே விளக்கு அணைந்தது.

ஆனால் இந்த விழிப்புணர்வு போய்ச் சேராத இடம் ஒன்று இருக்கிறது. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் (இங்கே முட்டையிட வரும் ஆமைகள் இவைதான்) செத்து ஒதுங்கின. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. ஆமைக்கு மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். மணிக்கணக்கில் இழுக்கும் இழுவலையில் மாட்டினால் மூழ்கித்தான் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆண்டுதோறும் வரும் 61 நாள் தடைக்காலமோ ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. முட்டையிடும் சீசன் அதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

குப்பத்து ஃபைபர் படகுக்காரர்களிடம் பேசிப் பாருங்கள். பெரிய படகுகள் கரைக்கு அருகே வந்து வாரிக்கொண்டு போவது அவர்கள் வயிற்றிலும்தான் அடிக்கிறது. அவர்கள் போடும் வலையிலும் ஆமை மாட்டுவதுண்டு, ஒப்புக்கொள்கிறார்கள். அறுத்து விட்டால் வலைக்குக் காசு யார் கொடுப்பார்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நடைக்கு முன்னால் மணலில் உட்காரவைத்துப் பேசும்போது, முட்டையைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு இதையும் சொன்னால் நன்றாக இருக்கும் என்பது என் கருத்து. ஐ.டி. கம்பெனிக்காரர்களோடு குப்பத்துப் பெரியவர் ஒருவரும் நடந்தால் இன்னும் நல்லது.

போவதென்றால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். ராத்திரி பதினொரு மணி வாக்கில் கிளம்பினால் முடிய விடியற்காலை ஆகிவிடும். டார்ச் வேண்டாம். ஆமையை உயிரோடு பார்க்கும் வாய்ப்பு குறைவு என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள், செத்த ஆமை கண்ணில் படவும் கூடும். சின்னக் குழந்தைகள் என்றால் மார்ச், ஏப்ரலில் பொரிப்பகத்துக் குஞ்சுகளைக் கடலில் விடும் சாயங்காலம் போதும்.